குழந்தை முகத்துக்கும் மல்லிகை மொட்டுக்கும் ஒரே லென்ஸ் போதுமா?

டெல்டா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வயது 33. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஆறு வயதில் மகள், தவழத் தொடங்கியிருக்கும் பத்து மாத மகன், எழுபதைத் தாண்டிய மாமியார். நாத்தனார் வீட்டுக்காரர் தன்னிடம் சும்மா கிடந்த கேனான் 1500டி கேமராவை 18-55 கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்ந்தே வரும் ஜூம் லென்ஸ்; எம்எம் எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) இவரிடம் கொடுத்திருக்கிறார். வாராவாரம் கணவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதற்காகத்தான் கேமராவைக் கற்றுக்கொள்கிறார்.

சீட்டு எடுத்த பணத்தில் 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார். அதில் முதல் லென்ஸ் வாங்க வேண்டும். பிள்ளைகளின் முகம் பளிச்சென்றும், பின்னால் கொடியில் காயும் துணி மங்கலாகவும் வர வேண்டுமாம். மொட்டை மாடித் தொட்டியில் பூக்கும் மல்லிகை, அதில் ஊரும் எறும்பு, மாமியாரின் தோடு, பையனின் கால்விரல் எல்லாம் நெருக்கத்தில் வர வேண்டுமாம். கடைக்காரர் “75-300 வாங்கிக்கோங்க, எல்லாத்துக்கும் ஆகும்” என்கிறார். சித்தப்பா மகன் 50 எம்எம் போதும் என்கிறான். வீடியோக்களில் 100 எம்எம் மேக்ரோ, அதாவது சின்னப் பொருளை மிக நெருக்கத்தில் எடுக்கும் லென்ஸ், என்கிறார்கள். அது பழையது 25,000 ரூபாய்க்கு ஒருவரிடம் இருக்கிறது. பாக்கியைத் தவணையில் கட்டலாமா என்று கேட்கிறார். கூடவே சில சந்தேகங்கள்: 50 எம்எம் வாங்கினால் எறும்பு வரை எடுக்கலாம்தானே? மேக்ரோ லென்ஸ் முகச் சுருக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமா? பில் இல்லாமல் வாங்கினால் 1,200 ரூபாய் குறைக்கிறேன் என்கிறார்களே, வாங்கலாமா? கணவர் டிசம்பரில் ஊருக்கு வரும்போது அங்கிருந்தே வாங்கி வரட்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் வாங்குங்கள், பில்லோடு. (எஃப் எண் லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்வது, எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம். எஸ்டிஎம் என்பது அதன் ஃபோகஸ் மோட்டார் வகையின் பெயர்.) ஆனால் அதை முகங்களுக்காக மட்டும் வாங்குங்கள். மல்லிகைக்கும் தோட்டுக்கும் தேவையான லென்ஸ் ஏற்கெனவே உங்கள் கேமராவில் மாட்டியிருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் இந்தக் கடிதத்தில் உள்ள பாதிச் சிக்கல்.

கிட் லென்ஸைக் குறைத்து எடைபோடாதீர்கள்

“கிட் லென்ஸ் வேஸ்ட்” என்று நாலு பேர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு பேரில் ஒருவராவது அதை 55-க்குத் திருப்பிவைத்து, ஃபோகஸ் ஆகும் மட்டும் நெருங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். 1500டி-யோடு வரும் 18-55 ஐஎஸ் (கை ஆட்டத்தைத் தாங்கும் வசதி) லென்ஸ் 25 செ.மீ. வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். அப்போது சுமார் ஆறரை செ.மீ. அகலமுள்ள இடம் பிரேம் முழுவதையும் நிறைக்கும். ஒரு தீப்பெட்டியை வைத்துப் பாருங்கள், படத்தில் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும்.

இப்போது 50 எம்எம் எஸ்டிஎம்முக்கு வருவோம். அது 35 செ.மீ.க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. அதில் கிடைக்கும் மிக நெருக்கமான படத்தின் அகலம் பத்தரை செ.மீ. ஏடிஎம் கார்டை வைத்தால் சுற்றிலும் இடம் மிஞ்சும். ஆக, நெருக்கப் படத்துக்காக 50 எம்எம் வாங்கினால் இருப்பதைவிடப் பின்னால் போகிறீர்கள். “விலை கூடுதல், அதனால் எல்லாவற்றிலும் மேல்” என்கிற கணக்கு லென்ஸில் செல்லாது.

இங்கே ஒரு சின்ன விஷயம். இந்த 25 செ.மீ., 35 செ.மீ. எல்லாம் லென்ஸின் நுனியிலிருந்து அளப்பதல்ல, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரிலிருந்து அளப்பது. கேமராவின் மேல்புறத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கும். சென்சார் இருக்கும் இடம் அதுதான். எனவே கிட் லென்ஸில் 25 செ.மீ. என்றால் லென்ஸ் நுனிக்கும் பூவுக்கும் நடுவே சுமார் பத்து செ.மீ.தான் இருக்கும். உங்கள் நிழலே பூவின் மேல் விழும். வெயில் பக்கவாட்டில் வரும் காலை நேரத்தில் எடுங்கள்.

எறும்பு அரை செ.மீ. இருக்குமா? ஆறரை செ.மீ. பிரேமில் அது பதிமூன்றில் ஒரு பங்கு. சின்னதாகத்தான் தெரியும். ஆனால் உங்கள் கேமரா 24 மெகாபிக்சல். படம் 6000 புள்ளி அகலம், 4000 புள்ளி உயரம். அதில் நடுப்பகுதியை மட்டும் பாதி அகலம், பாதி உயரத்துக்கு வெட்டினாலும் 3000 புள்ளி அகலம் மிஞ்சும். வாட்ஸ்அப் எப்படியும் சுருக்கித்தான் அனுப்புகிறது. மஸ்கட்டில் போனில் பார்ப்பவருக்கு எறும்பு நன்றாகவே தெரியும்.

நெருக்கப் படத்தில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் திறக்கும் அளவை, எஃப் 8-ல் வையுங்கள். அப்போதும் மூன்று, நாலு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். காற்றடித்தால் மொட்டு அதைத் தாண்டி ஆடிவிடும். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தால் லென்ஸ் பக்கவாட்டில் உள்ள சிறு சுவிட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலை) தள்ளி, நீங்களே மெல்ல முன்னும் பின்னும் சாய்ந்து, தெளிவாகும் நொடியில் அழுத்துங்கள். பத்து எடுத்தால் இரண்டு தேறும். எனக்கும் அதே கணக்குதான்.

முகத்துக்கு 50 ஏன்

கிட் லென்ஸ் தோற்கும் இடம் வெளிச்சம் குறைந்த வீடு. 55-ல் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 எம்எம் எஃப் 1.8 வரை திறக்கும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்ச வித்தியாசம். சாயங்காலம் கூடத்தில் கிட் லென்ஸில் ஷட்டர் 1/20 நொடி திறந்திருக்கத் தேவைப்பட்டால், 50-க்கு 1/200 போதும். தவழும் பிள்ளை 1/20 நொடியில் கையை அசைத்துப் படத்தைக் கலைத்துவிடுவான். உங்கள் படங்கள் “மொத்தமா ஆடிப்போய்” வருவதற்குக் காரணம் உங்கள் கை நடுக்கமல்ல. கிட் லென்ஸில் உள்ள ஐஎஸ் உங்கள் கை ஆட்டத்தைத்தான் தாங்கும், பிள்ளையின் ஆட்டத்தை அல்ல.

அடுத்தது முகத்தின் வடிவம். போனில் எடுத்தால் மகளின் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, லென்ஸ் மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் அல்ல, நீங்கள் நிற்கும் தூரம். ஓரடி தூரத்தில் நின்றால் எந்த லென்ஸிலும் மூக்கு முந்திக்கொண்டு நிற்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் முகம் முகமாக இருக்கும். அவ்வளவு தள்ளி நின்றும் தலையும் தோளும் பிரேமை நிறைக்க வேண்டும் அல்லவா? உங்கள் கேமராவில் 50 எம்எம் அதைத்தான் செய்கிறது.

ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. நான் விழுந்ததால் சொல்கிறேன். முதன்முதலாக 50 வாங்கிய வாரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனேன். புது லென்ஸ் மயக்கத்தில் எல்லாவற்றையும் எஃப் 1.8-ல் எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வளையல் ஒவ்வொன்றும் கண்ணைப் பறித்தது, வளையல் போட்டுக்கொண்ட பெண்ணின் முகம் கலங்கியிருந்தது. அந்த அம்மா இன்னும் என்னை எங்கே பார்த்தாலும் அதைச் சொல்வார். எஃப் 1.8-ல், ஒன்றரை மீட்டர் தூரத்தில், தெளிவாக விழும் ஆழம் ஆறு செ.மீ. அளவுதான். ஒரு மீட்டருக்கு நெருங்கினால் மூன்று செ.மீ.கூட இல்லை, ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வந்து நிற்கும். ஒரு பிள்ளை மட்டும் என்றால் எஃப் 2.8. மடியில் பிள்ளையோடு மாமியார் என்றால் எஃப் 4. கேமராவில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள் உண்டு. அதைக் கேமராவின் விருப்பத்துக்கு விடாமல் ஒரே புள்ளியைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில் வையுங்கள்.

பின்னால் துணி மங்கலாக வேண்டும் என்றால் எஃப் எண்ணைவிட உதவுவது இடைவெளி. பிள்ளையைக் கொடியிலிருந்து மூன்று மீட்டர் முன்னால் இழுத்து உட்கார வையுங்கள். எஃப் 4-லேயே துணி வெறும் வண்ணமாகக் கரைந்துவிடும். உங்கள் வீட்டில் முற்றம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், கொடுத்துவைத்தவர். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், நிழல் முடியும் இடத்தில், முகம் முற்றத்தைப் பார்க்கும்படி உட்கார வைத்தால் கிடைக்கும் வெளிச்சத்தை என் ஸ்டுடியோவில் நாலு விளக்குப் போட்டும் நான் கொண்டுவர முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை: 50 எம்எம் குடும்பக் குழுப் படத்துக்கு ஆகாது. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அதில் அடங்கும் அகலம் 1.3 மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி கூடத்தில் முதுகு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் இரண்டு பெரியவர்கள்தான் அடங்குவார்கள். தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது கிட் லென்ஸை 24 அளவில் வைத்து எடுங்கள். 18-க்குப் போனால் ஓரத்தில் நிற்பவர் உப்பித் தெரிவார். அது யாராவது ஒரு மருமகளாக இருந்துவிட்டால் வம்பு உங்களுக்கு.

75-300, மேக்ரோ, அப்புறம் ஒரு மலிவு வழி

75-300-ஐப் பற்றி நீட்டவில்லை. ஒன்றரை மீட்டருக்குக் கிட்டே அது ஃபோகஸ் ஆகாது. அதில் எவ்வளவு நெருங்கி எடுத்தாலும் பொருள் உங்கள் கிட் லென்ஸில் தெரிவதைவிடச் சின்னதாகத்தான் தெரியும். ஆட்டத்தைத் தாங்கும் ஐஎஸ் வசதி அதில் இல்லை; 300-ல் கையில் பிடித்து எடுக்க 1/500 நொடியாவது வேண்டும், வீட்டுக்குள் அதற்கு வெளிச்சம் ஏது? கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. பெரிய எண்ணைக் காட்டினால் விற்கும் என்று அவருக்குத் தெரியும். சில ஜூம் லென்ஸ்களின் மேல் “மேக்ரோ” என்று எழுதியிருப்பதையும் காட்டுவார். உடனே “எத்தனைக்கு எத்தனை?” என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஒன்று, அதாவது பொருள் அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும் என்றால்தான் முழு மேக்ரோ. ஒன்றுக்கு இரண்டு என்றால் பாதி.

100 எம்எம் மேக்ரோ நல்ல லென்ஸ், சந்தேகமே இல்லை. 31 செ.மீ. வரை நெருங்கி, இரண்டேகால் செ.மீ. அகலத்தைப் பிரேம் முழுக்கக் காட்டும். பத்து ரூபாய் நாணயம்கூட முழுதாக அடங்காது. வண்ணத்துப்பூச்சி பறந்துவிடாத தூரத்தில் நின்று எடுக்கலாம். முகத்துக்கும் ஆகும், வெளியிடத்தில். வீட்டுக்குள் ஆகாது: தலையும் தோளும் எடுக்கவே மூன்று மீட்டர் போக வேண்டும். மாமியாரின் சுருக்கத்தை அது காட்டிக்கொடுக்குமா என்றால், சுருக்கத்தைக் காட்டுவது பெரும்பாலும் பக்கவாட்டில் விழும் கடும் வெளிச்சம்தான். தாழ்வாரத்து மென்வெளிச்சத்தில் எந்த லென்ஸும் பெரியவர்களிடம் கனிவாகவே நடந்துகொள்ளும். எழுபது வயது முகத்தில் சுருக்கமே தெரியாவிட்டால் மஸ்கட்டில் இருப்பவருக்கு அது யார் என்றே தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆனால் தவணை போட்டு இப்போது அதை வாங்காதீர்கள். இன்னும் ஒரு வருடம் படம் எடுத்த பிறகும் எறும்பின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மிஞ்சியிருந்தால், அப்போது சேர்த்து வைத்து வாங்கலாம். மல்லிகை அடுத்த வருடமும் பூக்கும். பையன் தவழ்வது இந்தச் சில மாதங்கள்தான்.

நடுவே ஒரு வழி இருக்கிறது: எக்ஸ்டென்ஷன் ட்யூப். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெறும் வளையம், உள்ளே கண்ணாடி கிடையாது. லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதால் இன்னும் நெருங்கி ஃபோகஸ் செய்ய விடும். 50-ல் 12 மி.மீ. வளையம் போட்டால் படத்தின் அகலம் ஐந்து செ.மீ. ஆகக் குறையும், 20 மி.மீ. போட்டால் சுமார் மூன்றரை. கால்விரலுக்கும் தோட்டுக்கும் அது ஏராளம். வாங்கும்போது உள்ளே தங்க நிறத்தில் மின்தொடர்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெறும் வளையத்தில் அது இருக்காது. கேனான் லென்ஸில் அப்பர்ச்சரைக் கேமராதான் மின்சாரத்தால் இயக்குகிறது என்பதால், அந்த வளையத்தை மாட்டினால் எஃப் 1.8-லேயே மாட்டிக்கொள்வீர்கள், ஆட்டோஃபோகஸும் போய்விடும். வளையம் மாட்டியிருக்கும்போது தூரத்தில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது. லென்ஸ் கெட்டுவிட்டதாகப் பயப்படாதீர்கள், கழற்றினால் சரியாகிவிடும். வண்ணத்துப்பூச்சிக்கு மட்டும் இது உதவாது: பத்து, பதினைந்து செ.மீ. வரை கிட்டே போனால் எந்தப் பூச்சி நிற்கும்? விடிந்ததும், உடம்பு சூடேறாமல் அது இலையில் மந்தமாக உட்கார்ந்திருக்கும்போது முயன்று பாருங்கள்.

கடையில் ஏமாறாமல் இருக்க

“50 எம்எம் எஃப் 1.8” என்று மட்டும் கேட்டால் மூன்று வெவ்வேறு லென்ஸ்களில் ஏதோ ஒன்று கைக்கு வரலாம். உங்களுக்கு வேண்டியது இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம், 2015-ல் வந்தது. அதற்கு முந்தைய ‘இரண்டு’ என்று எண்ணிட்டது 1990-ல் வந்தது. கேமராவில் மாட்டும் பகுதி (மவுன்ட்) பிளாஸ்டிக், 45 செ.மீ.க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. விலை குறைவு என்று அதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மூன்றாவது ஆர்எஃப் 50 எம்எம், 2020-ல் மிரர்லெஸ் (உங்கள் கேமராவில் உள்ளதுபோல் உள்ளே ஆடி இல்லாத புது வகை) கேமராக்களுக்காக வந்தது. பெட்டியைப் பார்த்தால் குழப்பிவிடும், உங்கள் கேமராவில் மாட்டவே மாட்டாது. ஆனால் நீங்கள் வாங்கும் இஎஃப் லென்ஸை நாளைக்கு நீங்கள் கேனான் மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் அடாப்டர் போட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம், பணம் வீணாகாது.

பில் விஷயத்தில் மட்டும் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். 1,200 ரூபாய்க்காக வாரன்டியை விற்காதீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் தொழிலில் அடிபட்டதால் இதைத் தெரிந்து வைத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று அச்சடித்துவிட்டதால் மட்டும் கடைக்காரர் தப்பிவிட முடியாது. ஆனால் இது குறையுள்ள பொருளுக்குத்தான். ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை அல்ல. சிக்கல் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். வழக்கு என்று போனாலும், கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். கையில் பில் இல்லாமல் இதில் எதையும் ஆரம்பிப்பதே கஷ்டம்.

பழைய லென்ஸ் எதையாவது எப்போதாவது வாங்கினால் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது ஃபங்கஸ். பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பக்கத்து ஈரக் காற்றில் நல்ல லென்ஸுக்கும் அது பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமராவைத் தோல் பையில் வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பயன்படுத்துங்கள். எஸ்டிஎம் லென்ஸின் முன்பகுதி ஃபோகஸ் ஆகும்போது கொஞ்சம் வெளியே வரும். வெளியே வந்த நிலையில் பைக்குள் அழுத்தாதீர்கள், பையன் கைக்கும் எட்டவிடாதீர்கள்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 50-ல் வைத்து, நகராமல் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். அந்த வாரம் முழுக்க அப்படியே எடுங்கள். “ஐயோ, பின்னால் போக இடமில்லையே” என்று நாளுக்குப் பத்துத் தடவை தோன்றினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு யோசிப்போம். தோன்றவில்லை என்றால் வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, மஸ்கட்டிலிருந்து வாங்கி வருவது. விலை கொஞ்சம் குறைவாக இருக்கலாம். வாரன்டி அந்த நாட்டோடு நின்றுவிடுமா, இந்தியாவில் செல்லுமா என்று அங்குள்ள கடையில் கேட்டு, வாரன்டி அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். செல்லாது என்றால் இங்கேயே வாங்குவது மேல். டிசம்பர் வரை காத்திருப்பதில் வேறொரு கணக்கும் இருக்கிறது: அதற்குள் பையன் நடந்து, ஓடவும் ஆரம்பித்திருப்பான். அப்போது 1/200 போதாது, ஷட்டரை 1/500-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.